துறைமுக ஊரில் சொன்ன ‘வேண்டாம்’

உருளைக்கிழங்குக் கிண்ணம் என் முன்னால் வந்து நின்றது. தோலோடு வெந்த சின்னச் சின்னப் புதுக்கிழங்குகள். மேலே வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது, ஏதோ பச்சைத் தழையைக் கிள்ளிப் போட்டிருந்தார்கள்.

“இன்னும் கொஞ்சம்?” என்று கேட்டார் எங்களை அழைத்து வந்திருந்த டென்மார்க்காரர்.

“இல்லை, போதும். நன்றி” என்றேன்.

அவர் தலையசைத்தார். கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, இருந்ததில் பாதியைத் தன் தட்டில் சரித்துக்கொண்டு, கடலைப் பற்றி விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். நான் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் அவர்கள் தொழிற்சாலையில் கறுப்பு ரொட்டித் துண்டு ஒன்றின் மேல் ஏதோ வைத்துத் தந்ததுதான் வயிற்றில் இருந்தது. அதையும் பாதியில் நிறுத்தியிருந்தேன். இன்னும் நான்கு கிழங்காவது சாப்பிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவர் மறுபடி கேட்கவில்லை. மறுபடி கேட்காமல் ஒரு மனிதரால் இருக்க முடியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் குவாலிட்டி மேனேஜர். திருநெல்வேலிக்காரர், ஓசூருக்கு வேலைக்கு வந்து பாதி வாழ்க்கை முடிந்துவிட்டது, பேச்சு மட்டும் அங்கேயே இருக்கிறது. நான் ஓசூர் பக்கத்துப் பேரிகைக்காரன். கல்லூரி முடித்த கையோடு அந்த பிளாண்டில் டிரெயினியாகச் சேர்ந்தவன். பாகலூர் வழியாக பஸ் பிடித்து ஷிஃப்டுக்கு வந்துகொண்டிருந்தவன் ஓசூரிலேயே ரூம் எடுத்துத் தங்க ஆரம்பித்த வருடம் அது. பால் தொழிற்சாலைகளில் பொருத்தும் வால்வுகளின் உடலை நாங்கள் வார்த்து, கடைந்து, இவர்களுக்கு அனுப்புவோம். உள்பாகங்களைப் பொருத்துவதும் கசிகிறதா என்று சோதிப்பதும் டென்மார்க்கில் நடக்கும். நாங்கள் அனுப்பிய ஒரு லாட்டில் கசிவு வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பேசித் தீர்க்க மேனேஜரை அனுப்பினார்கள். டிராயிங் படிக்கவும் ஆங்கிலத்தில் ஓடி ஓடிப் பேசவும் ஓர் ஆள் வேண்டும் என்று அவர் என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

கசிவு விவகாரம் இரண்டாம் நாளே சுமுகமாக முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு காதில் விழுந்த செய்திதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. முழு வால்வையும் இனி இந்தியாவிலேயே பொருத்தலாமா என்று இவர்கள் யோசிக்கிறார்கள். அதற்கு அங்கிருந்து ஒரே ஓர் ஆள் ஆறு மாதம் இங்கே வந்து தங்கி வேலை கற்றுக்கொள்ள வேண்டும். எங்களிடமிருந்தா, இவர்களுக்குப் பாகம் அனுப்பும் புனே கம்பெனியிலிருந்தா என்பது முடிவாகவில்லை. முடிவு எடுப்பவர் சோதனைப் பிரிவின் தலைவர். இதோ எதிரில் உட்கார்ந்து என் பங்குக் கிழங்கையும் சேர்த்துச் சாப்பிடுகிறாரே, அவர்தான்.

அந்த ஆள் நானாக இருக்க வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மேனேஜரிடம்கூட. ஆனால் அந்த வாரம் முழுக்க வால்வில் கசிவு பார்க்கும் சோதனை மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஓசூரில் என் வேலை என்ன? வார்ப்பு வரும், அளவு பார்ப்பேன், சரி என்றால் பச்சைச் சீட்டு, இல்லையென்றால் சிவப்புச் சீட்டு. நான் அளந்த பொருள் எங்கே போய் என்ன ஆகிறது என்று தெரியாமலே ஒட்டிக்கொண்டிருந்தேன். இங்கே அது முழு உயிராக நின்று அழுத்திய காற்றை அடைத்து நிறுத்துவதைப் பார்த்த பிறகு அந்தச் சீட்டு மேசைக்குத் திரும்பிப் போக மனசே வரவில்லை.

இப்படி ஒரு மனநிலையில்தான் கடைசி மாலை அவர் எங்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு இந்தத் துறைமுக ஊருக்கு வந்தார். “ஊருக்குப் போகும் முன்னால் ஒரு நல்ல சாப்பாடு” என்றார். பாய்மரக் கப்பல் காலத்து ஊராம். உருண்டைக் கல் பாவிய சந்துகள். மஞ்சளும் செங்காவியும் பூசிய குட்டி வீடுகள், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு. சந்து முடிகிற இடத்தில் படகுகள். காற்றில் கயிறுகள் கம்பத்தில் மோதி ‘டிங் டிங்’ என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. எனக்கு அது பிளாண்டில் எங்கோ ஒரு போல்ட் தளர்ந்த சத்தமாகவே கேட்டது.

சாப்பாட்டுக் கடை ஒரு காலத்தில் யாரோ கப்பல் தலைவரின் வீடாக இருந்ததாம். கதவு அவ்வளவு தாழ்வு. மேனேஜர் என் தோளுயரம்தான், அவரும் குனிந்துதான் வந்தார். உள்ளே கறுத்த மர உத்தரங்கள் தலைக்கு மேல் கைக்கு எட்டும் உயரத்தில் ஓடின. தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மொத்தமே ஏழெட்டு மேசைகள். ஜன்னல் திட்டில் ஜெரேனியம் தொட்டிகள். வெளியே வெயில் இன்னும் பளிச்சென்று இருக்க, உள்ளே ஒவ்வொரு மேசையிலும் மெழுகுவத்தி எரிந்தது. “கரண்டு இருக்கையில எதுக்குல மெழுகுவத்தி?” என்று மேனேஜர் என் காதில் கேட்டார். எல்லாரும் தங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பதுபோலத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பரிமாறியது கடையின் சொந்தக்காரம்மாவே. கன்னம் சிவந்த, கை பெரிய பெண்மணி. எங்களைப் பார்த்ததும் எங்கிருந்தோ தம்மாத்துண்டுக் கம்பத்தில் அவர்கள் நாட்டுக் கொடி ஒன்றைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார். விருந்தாளிக்கு மரியாதையாம்.

அப்படி ஒரு இதமான இடத்தில் நான் மட்டும் வைவா தேர்வுக்கு வந்தவன்போல விறைத்து உட்கார்ந்திருந்தேன்.

கத்தியும் முள்கரண்டியும் பிடிப்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். கிளம்பும் முன்னால் ஓசூர் பாத்திரக் கடையில் ஒரு ஜோடி வாங்கி, கேன்டீனிலேயே பயிற்சி எடுத்தேன். முதல் நாளே கூட்டம் கூடிவிட்டது.

“டேய், இட்லிக்கு என்னடா ஆபரேஷனா?” என்றான் மதுரைக்கார ஆபரேட்டர் ஒருவன். “மயக்க மருந்து குடுத்தியா இல்லியா?”

“மச்சி, சாம்பாரை எப்பிட்றா குத்துவ?” என்றான் என் ரூம்மேட்.

“தொரைய டிஸ்டர்ப் பண்ணாதீங்கப்பா, பையன் டென்மார்க் போறான். அங்க கையால தின்னா ஜெயில்ல போட்டுருவாங்க.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் பூரியை வெட்டப் பழகிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். நான் பயந்தது முழுக்க அந்தக் கரண்டியைப் பற்றி. உண்மையில் மாட்டிக்கொள்ளப்போவது வேறு ஒன்றில் என்று கேன்டீனில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சின்ன வயதில் அம்மாவோடு மத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு அத்தை தட்டில் அதிரசம் கொண்டுவந்து “எடுத்துக்கடா” என்றார். எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான். முந்தானை மறைவில் தொடையில் விழுந்த கிள்ளு பஸ் ஏறும்வரை எரிந்தது.

“சோறே காணாதவன் மாதிரி கேட்டதும் கைய நீட்ற” என்றார் அம்மா பஸ்ஸில். “ரெண்டு வாட்டி வேணாம்னு சொல்லு. மூணாவது வாட்டி வாங்கிக்க.”

“அவங்க மறுபடி கேக்கலன்னா?”

“கேக்காமயா போயிடுவாங்க? மனுசங்கதான அவங்களும்?”

அதற்குப் பிறகு என் கேள்வியை மறுபடி கேட்கத் தேவையே படவில்லை. ஓசூரில் தெலுங்குக்காரர் வீடு, கன்னடக்காரர் வீடு, யார் வீட்டுக்குப் போனாலும் முதல் ‘வேண்டாம்’ கதவைத் தட்டுவது மாதிரி. திறக்கத்தான் போகிறார்கள் என்று தெரிந்து தட்டுவது. மூன்றாவது உபசாரத்துக்கு “சரி, கொஞ்சமா” என்போம். தட்டு நிறைந்துவிடும். இது எனக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்றால், அது ஒரு பழக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது.

மீன் வந்தபோது மேனேஜர் முகம் மலர்ந்தது. வெண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்த தட்டையான முழு மீன், தட்டின் விளிம்பைத் தாண்டி வால் நீட்டிக்கொண்டிருந்தது. “எல, நம்ம நாக்குமீனுக்குச் சொந்தக்காரன்லா இது” என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏரிக் கெண்டைதான். கரண்டியால் முள்ளை ஒதுக்கி ஒதுக்கி, சாப்பிட்டதைவிட ஒதுக்கியது அதிகம். கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்லும்போது இவர்கள் ஒவ்வொருவர் கண்ணையும் நேராகப் பார்க்கிறார்கள். குடிப்பதற்கு முன் ஒரு தடவை, குடித்த பின் ஒரு தடவை. எனக்குப் பழச்சாறுதான். ஆனாலும் மேனேஜர் பக்கத்தில் இருக்கும்போது அவரைவிடப் பெரியவரின் கண்ணை எப்படி நேராகப் பார்ப்பது? நான் கொடியைப் பார்த்தபடி குடித்தேன்.

அப்புறம்தான் அந்தக் கிழங்கு. முதலில் மேனேஜரிடம் நீட்டினார். “நோ நோ, ஃபுல்” என்று வயிற்றைத் தடவிக் காட்டினார் மேனேஜர். பிறகு என்னிடம். நான் சொன்னதைத்தான் முன்னாலேயே சொன்னேனே.

அவர் தன் கிழங்குகளை நிதானமாக முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, கிழங்கு வேண்டுமா என்று கேட்ட அதே குரலில், அதே முகத்தோடு, ஒரு சுருதிகூட மாறாமல் கேட்டார்.

“இங்கே வந்து ஆறு மாதம் எங்களோடு வேலை செய்ய உங்களுக்கு விருப்பமா?”

நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. இப்படிப்பட்ட விஷயம் எங்கள் ஊரில் மேலிருந்து இறங்கி வரும். பிளாண்ட் ஹெட் மேனேஜரிடம் சொல்வார், மேனேஜர் நம்மைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லிச் சுற்றி வளைப்பார், நாம் தயங்குவோம், அவர் வற்புறுத்துவார், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்போம். இப்படி மீன் முள்ளுக்கு நடுவில், மேலதிகாரி பக்கத்தில் இருக்க, நேராக என்னிடமே கேட்டால்? மனசுக்குள் ‘சரி, சரி, சரி’ என்று ஒருவன் குதித்துக்கொண்டிருந்தான். வாய் அவனைக் கேட்கவே இல்லை.

“ஐயோ, இல்லை இல்லை சார். எனக்கு அவ்வளவு அனுபவம் கிடையாது. என்னைவிட மூத்தவர்கள் எங்கள் பிளாண்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.” சொல்லிவிட்டு, அடக்கமாக மேனேஜர் பக்கம் கையைக் காட்டினேன். மேனேஜரும் ‘பையன் மரியாதை தெரிந்தவன்’ என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் அடுத்த வரிக்காகக் காத்திருந்தோம். ‘அப்படிச் சொல்லாதீர்கள், நீங்கள்தான் வர வேண்டும்’ என்ற வரி.

“புரிகிறது” என்றார் அவர். “நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. ஓசூரில் நான் யோசித்தது உங்களை மட்டும்தான். புனேவில் இருவர் இருக்கிறார்கள். நாளைக்கு அவர்களிடம் பேசுகிறேன்.”

எழுந்து, அந்தக் கடைக்காரம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே கழிவறைப் பக்கம் போனார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பிய வேகத்தில் கொடி சாய்ந்தது.

“ஏல, என்னல பண்ணி வச்சிருக்க?”

“சார், நீங்க பக்கத்துல இருக்கீங்க. டக்குனு எப்பிடி சார் சரின்னு சொல்றது?”

“நான் இருந்தா என்னல? நான் என்ன ஒனக்கு மாமனாரா?”

“இன்னொரு வாட்டி கேப்பாருன்னு நெனச்சன் சார்.”

“கெழங்கையே இன்னொரு வாட்டி கேக்கலியேல அவன்!”

எனக்கு வேர்த்துவிட்டது. அந்த ஊர்க் குளிரில், ஸ்வெட்டருக்குள்.

“நீங்க சொல்லுங்க சார். பையன் சும்மா சொன்னான், அவனுக்கு ஆசைதான்னு சொல்லுங்க.”

“சும்மா சொன்னான்னு நான் எப்பிடிச் சொல்ல? அப்பம் நான் ஒரு வாரமா சொன்னதுல எது சும்மா, எது நெசம்னு கேக்க மாட்டானா? நீதான வேண்டாம்னே, நீயே வாயத் தொறந்து வேணும்னு சொல்லு.” நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வால்வு பொருத்தும் லைன் புனேவுக்குப் போனால் பிளாண்டில் அவரைத்தான் நிற்கவைத்துக் கேட்பார்கள் என்பது எனக்கும் தெரியும். பிறகு குரலைத் தாழ்த்தினார். “எனக்கும் பசிக்குதுல. வயித்தத் தடவிக் காமிச்சுட்டேன், இனி என்ன செய்ய?”

டென்மார்க்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே வெயில் அப்படியே நின்றது. இருட்டினால் கிளம்பலாம், இந்த அவஸ்தை முடியும் என்று பார்த்தால் அங்கே ஜூன் மாதத்தில் பொழுதே போவதில்லை. அவர் எங்கள் இருவரையும் பார்த்து, அடுத்த நாள் விமானத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார். மேனேஜர் பதில் சொன்னார். பேச்சு விமானத்துக்குப் போனது. விமானத்திலிருந்து ஓசூர் மழைக்குப் போனது. என் விஷயம் மேசையை விட்டு நகர்ந்து நகர்ந்து வெகுதூரம் போய்விட்டது. ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் வெறும் காற்று.

கேட்பது என்பது அவ்வளவு கஷ்டமா? யோசித்துப் பார்த்தேன். அடுத்தவர் வீட்டில் எனக்கு இது வேண்டும் என்று நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேனா? தண்ணீரைத் தவிர எதையும் கேட்டதில்லை.

கடைக்காரம்மா மேசையைத் துடைக்க வந்தார். தட்டுகளை அடுக்கினார். கிழங்குக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். அடியில் இன்னும் ஐந்தாறு கிழங்குகள் கிடந்தன. அது போகிறது, எல்லாமே போகிறது என்று தோன்றியது.

“தயவுசெய்து அதை எடுக்காதீர்கள்” என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. பக்கத்து மேசையில் ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். “எனக்கு இன்னும் கொஞ்சம் கிழங்கு வேண்டும். இவருக்கும் வேண்டும்.”

“நான் எப்பம்ல கேட்டேன்?” என்றார் மேனேஜர் தமிழில், கிண்ணத்தைப் பார்த்தபடி.

அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆறிப்போனது எதற்கு என்று சைகை காட்டிவிட்டு உள்ளே போய், ஆவி பறக்கப் புதுக் கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். டென்மார்க்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“போதும் என்றீர்களே?”

இதுதான் சந்தர்ப்பம். இதைவிட்டால் இல்லை.

“சார், எங்கள் ஊரில் முதல் தடவை கேட்கும்போது வேண்டாம் என்றுதான் சொல்லுவோம். அது மரியாதை. இரண்டாவது தடவையும் வேண்டாம் என்போம். மூன்றாவது தடவைதான் உண்மையான பதில்.” மூச்சு வாங்கியது. “நீங்கள் கிழங்கையும் ஒரே தடவைதான் கேட்டீர்கள். அந்த ஆறு மாதத்தையும் ஒரே தடவைதான் கேட்டீர்கள். எனக்கு வர வேண்டும் சார். இந்த வாரம் முழுக்க நான் நினைத்தது அது ஒன்றைத்தான்.”

சொல்லிவிட்டேன். காது மடல் சுட்டது. மேனேஜர் ஒரு கிழங்கை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, சூட்டை வெளியே விடவும் முடியாமல் உள்ளே விழுங்கவும் முடியாமல் என்னையே பார்த்தார்.

டென்மார்க்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மெழுகுவத்தியின் ஓரத்தில் வழிந்ததை நகத்தால் சுரண்டினார்.

“அப்படியானால் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது” என்றார். “நேற்றுக் காலை கசிவுச் சோதனையை விளக்கினேன். புரிந்ததா என்று கேட்டேன். புரிந்தது என்றீர்கள். ஒரே தடவைதான் கேட்டேன். அது எந்தப் பதில்?”

மேசைக்கு அடியில் மேனேஜரின் ஷூ என் காலை அழுத்தியது. அதன் அர்த்தம் எனக்கு நன்றாகவே தெரியும். ‘புரிந்தது என்று சொல்லு. சொல்லிவிட்டு வா.’ ஓசூரில் கஸ்டமர் ஆடிட் வந்தால் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நிற்போம். ‘அண்டர்ஸ்டுட் சார்.’ பிறகு உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு கற்றுக்கொள்வோம். அதில் பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே வராது. எதிரில் நிற்பவரைச் சங்கடப்படுத்தக்கூடாது, அவ்வளவுதான்.

இப்போது ‘புரிந்தது’ என்றால் நம்புவாரா? ‘புரியவில்லை’ என்றால் புரியாதவனை எதற்கு ஆறு மாதம் கூப்பிடுவார்? எந்தப் பக்கம் போனாலும் புனேக்காரன் பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

“பாதி” என்றேன்.

ஷூ சட்டென்று விலகியது. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

“எந்தப் பாதி?”

“அழுத்தத்தை ஏற்றுவது புரிந்தது. ஏற்றி முடித்ததும் ஏன் உடனே அளவு பார்க்காமல் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறீர்கள் என்பது புரியவில்லை. ஊருக்குப் போய் எங்காவது படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.”

அவர் என்னை நேராகப் பார்த்தார். கோப்பை தூக்கும்போது பார்த்ததைப்போல. இந்த முறை கொடி சாய்ந்து கிடந்தது, பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. நானும் பார்த்தேன். பிறகு அவர் தன் காகிதக் கைத்துண்டை விரித்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, வால்வின் குறுக்குவெட்டை வரைய ஆரம்பித்தார். காற்றை அமுக்கும்போது அது சூடாகும். சூடு ஆறும்போது அழுத்தம் தானாகவே கொஞ்சம் இறங்கும். அப்போதே அளந்தால் நல்ல வால்வும் கசிகிற மாதிரி காட்டும். ஆறட்டும், பிறகு பார்.

“அப்போ எங்கள் லாட்டில் ரிஜெக்ட் ஆனதில் சிலது, ஆறுவதற்கு முன்னாலேயே அளந்ததாக இருக்குமோ?” என்று வாயில் வந்தது.

“அதை நானும் இப்போதுதான் யோசிக்கிறேன்” என்றார்.

மேனேஜர் கண்ணைத் திறந்தார்.

சிவப்புத் தண்டு ஒன்றைச் சர்க்கரையில் வேகவைத்துக் கெட்டிப் பாலாடையோடு தந்தார்கள். நல்ல புளிப்பு, இனிப்பு. அதைப் பற்றி எனக்கு வேறெதுவும் நினைவில்லை. அவர் என் கேள்விக்குச் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விடுதி வாசலில் இறக்கிவிடும்போது, “உங்கள் பிளாண்ட் ஹெட்டிடம் பேசுகிறேன்” என்றார். ஒரே ஒரு தடவை. என்ன பேசுவார்? ‘உங்கள் ஆள் புரியாமலே புரிந்தது என்கிறான்’ என்றா?

விமானத்தில் மேனேஜர் என்னோடு பேசவே இல்லை. இறங்கும்போது மட்டும், “பாதின்னு சொன்னியே, முக்கால்னு சொல்லப்படாதால?” என்றார்.

ஓசூர் வந்து பழையபடி சீட்டு மேசையில் உட்கார்ந்தேன். பச்சை, சிவப்பு, பச்சை. “ஊட்டா ஆய்தா?” என்று தினமும் கன்னடத்தில் சாப்பாடு ஆயிற்றா எனக் கேட்கும் கேட் செக்யூரிட்டிக்குக்கூட முகம் கொடுத்துப் பதில் சொல்லவில்லை. கேன்டீனில் “தொரை எப்ப திரும்பப் போறாரு?” என்று கேட்டார்கள். அம்மா போனில், “அங்க சாப்பாடு நல்லா போட்டாங்களா?” என்றார். “போட்டாங்கம்மா. ஆனா ஒரு வாட்டிதான் கேட்டாங்க” என்றேன். “ஐயே, அது என்ன பழக்கம்?” என்றார். பிளாண்ட் ஹெட் ரூம் கதவு திறக்கும்போதெல்லாம் கையில் இருந்த அளவுகோல் நழுவியது.

கூப்பிட்டபோது ஷிஃப்ட் முடியும் நேரம். அவர் எதையோ படித்துக்கொண்டே, நிமிராமல் பேசினார்.

“என்னப்பா, கஸ்டமர்கிட்டப் போய் டெஸ்ட் எனக்குப் பாதிதான் புரிஞ்சதுன்னு சொன்னியாமே?”

“ஆமா சார்.”

“அதுவும் சாப்பிடற எடத்துல.”

“ஆமா சார்.”

“யாராவது அப்பிடிச் சொல்லுவாங்களா?”

நான் தரையைப் பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன். ரூம்மேட்டிடம் என்ன சொல்வது, அம்மாவிடம் என்ன சொல்வது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

“மீதிப் பாதியக் கத்துக்கறதுக்கு இவனையே அனுப்புங்கன்றாரு அவரு. ஆறு மாசம். குளிரு ஜாஸ்தி, சாப்பாடு ஒத்துக்காது. நீ ஒண்ணும் இப்பவே சொல்ல வேணாம். வீட்ல கேட்டு, நிதானமா யோசிச்சு…”

“போறன் சார்.”

நிமிர்ந்து பார்த்தார்.

“நான் இன்னும் கேட்டே முடிக்கலப்பா.”

“சாரி சார். ஆனா போறன் சார்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்ததுதான். அதிரசத் தட்டை நீட்டிய மத்தூர் அத்தை, நான் கையை நீட்டியதும் என்னைப் பார்த்த பார்வை. நாற்காலியைக் காட்டினார். நுனியில் உட்கார்ந்தேன்.

“டீ சாப்பிடறியா?”

“இல்ல சார், வேணாம். இப்பதான் சாப்ட்டன்.”

அவர் அதைக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. மணியை அழுத்தி இரண்டு டீ சொன்னார்.